அந்தகாரம்



இருளுக்குத் தமிழில் பெயர்கள் பல. அல் என்றும் கங்குல் என்றும் புலவர் சொல்லுவர். பெரியவர்கள் செபத்தில் ‘பாவ அந்தகாரம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1732-ல் சதுரகராதி தொகுத்த நம் வீரமாமுனிவரைப்போல, நாமும் இந்தச் சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

இது வடமொழியிலிருந்து வந்தது. ‘அந்த வீடு, அந்த மரம்’ என்கிற ‘அந்த’ அல்ல இது. இங்கே அந்த என்றால் குருடு. பார்வையற்றவனை அந்தகன் என்பது இதனால்தான். காரம் என்றால் செய்வது. ஆக, அந்தகாரம் என்பது குருடாக்குவது.

இரவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. நம் கண் கெட்டுப்போகவில்லை. எதிரே வருகிறவன் கூடப்பிறந்த தம்பிதான். ஆனாலும் ‘யாரது?’ என்று கேட்கிறோம்.

அர்ச். அருளப்பர் தமது முதல் நிருபம் 2-ம் அதிகாரம் 11-ம் வசனத்தில் சொல்லுவதன் கருத்து இதுவே: சகோதரனைப் பகைக்கிறவன் போகும் வழி அறியாமல் இருளில் நடக்கிறான், இருள் அவன் கண்ணைக் குருடாக்கிற்று. அவர் எழுதியது கிரேக்கத்தில். ஆயினும் அந்தகாரம் என்ற வடசொல்லுக்கு இதைவிட நல்ல உரை ஏது?

நம் சமயநல்லூருக்கு வருவோம். ஒரு முழ வரப்புக்காக, கிணற்றுத் தண்ணீர் முறைக்காக, கலியாண வீட்டில் மரியாதை குறைந்ததென்று, பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் நம்மிடையே இல்லையா? ஒரே பீடத்தில் நன்மை வாங்குகிறார்கள். கோவில் வாசலில் ஒருவன் முகத்தை ஒருவன் பாரான். கேட்டால், “சாமி, அவனைப்பற்றி எனக்கு எல்லாம் தெரியும்” என்பான். தெரியாதப்பா! அண்ணி நோயாய்க் கிடப்பது அடுத்த தெருவுக்கெல்லாம் தெரியும். அடுத்த வீட்டுத் தம்பிக்குத் தெரியாது. இதுதான் அந்தகாரம்.

முன்னாளில் பெரிய வாரத்தில் ‘தெனெப்ரே’ என்றொரு வழிபாடு நடக்கும். அந்த இலத்தீன் சொல்லுக்கும் இருள் என்றே பொருள். முக்கோணத் தண்டில் 15 மெழுகுதிரிகள் எரியும். ஒவ்வொரு சங்கீதம் முடிந்ததும் ஒன்றை அணைப்பார்கள். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் மறைத்துவைத்து, முடிவில் திரும்பக் கொண்டுவருவார்கள். 1955-ல் பெரிய வாரச் சடங்குகள் திருத்தப்பட்டபின் இவ்வழக்கம் அநேக இடங்களில் நின்றுபோயிற்று.

கூடப்பிறந்த பாசமும் அந்தத் திரியைப்போல்தான். அணைந்துபோகவில்லை, மறைந்திருக்கிறது. யாராவது ஒருவர் எழுந்து அதை எடுத்துவர வேண்டும்.

ஆகையால் அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன், அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். “அண்ணிக்கு உடம்பு எப்படி?” என்று கேளுங்கள். வரப்பு எங்கே போய்விடும்? அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சேசுநாதருடைய ஒளி உங்கள் வீடுகளில் இருப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு