விளையாடாதவரின் நம்பிக்கை

தன் கையில் இல்லாத ஒன்றின்மீது மனிதர் வைக்கும் நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததுதானா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் உழவரும், நோயாளியின் கட்டிலருகே கண்விழித்திருக்கும் உறவினரும் இவ்வினாவுக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். ஆயினும் முன்னவர் உழுதவர், பின்னவர் மருந்து கொடுத்தவர் என்பதால் அவர்களுடைய நம்பிக்கையில் அவர்களுடைய செயலும் ஓரளவு கலந்திருக்கிறது. செயல் சிறிதும் கலவாத நம்பிக்கையை ஆராய விரும்புவோர் விளையாட்டு ரசிகரிடம்தான் செல்ல வேண்டும். அதிலும், பல்லாண்டுக் காலம் தோற்றே பழகிய அணியொன்று யாரும் எதிர்பாராத வகையில் வெல்லத் தொடங்கும் பருவத்தில் அந்த ரசிகரின் மனம் அடையும் மாற்றம், சமயச் சிந்தனையாளர்கள் நம்பிக்கையைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் உரசிப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லாக அமைகிறது.

அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கதை அத்தகையது. தேசியக் கால்பந்து லீக் எனப்படும் என்எஃப்எல் அமைப்பின் 32 அணிகளுள் பதினான்கு மட்டுமே, 17 ஆட்டங்கள் கொண்ட பருவத்தின் முடிவில், தோற்றால் வெளியேற்றம் என்னும் விதியுடைய பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்கின்றன. அதன் இறுதி ஆட்டமே சூப்பர் பௌல். லயன்ஸ் 1957இல் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியை 59-14 என வென்று லீக்கின் வாகையரானது. அதற்குப் பின் 1992 ஜனவரியில் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஒரு பிளே-ஆஃப் வெற்றி கிட்டியது. அடுத்து ஆடிய ஒன்பது பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் தோல்வியே. 2008இல் அப்பருவத்தின் 16 ஆட்டங்களையும் அந்த அணி தோற்றது.

இத்தனை நீண்ட தோல்விக்குக் காரணம் தேடிய ரசிகர்கள் ஒரு சாபக் கதையைச் சொல்லி வந்தனர். 1958இல் வேறு அணிக்கு மாற்றப்பட்ட பாபி லேன் என்னும் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தி வைத்துப் பந்தெறியும் ஆட்டக்காரர், இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு டெட்ராய்ட் வெல்லாது என்று சொல்லிச் சென்றார் என்பது அக்கதை. ஐம்பதாம் ஆண்டு 2008 என்பதும், அடுத்த ஆண்டு அணியில் சேர்க்கப்பட்ட மேத்யூ ஸ்டாஃபோர்ட் லேன் படித்த அதே டெக்ஸாஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்பதும் கதைக்கு வலுவூட்டின. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் துன்பம் காரணமற்றது என்று ஏற்பதைவிட அதற்கு ஒரு சாபம் காரணம் என்று ஏற்பது மனத்துக்கு இலகுவாக இருப்பதைச் சமய வரலாறு முழுவதும் காணலாம். சாபம் என்றால் அதற்கு ஒரு விமோசனமும் உண்டு என்பதால், சாபக் கதையைச் சொல்பவர் தம்மை அறியாமலே நம்பிக்கையைக் காத்து வைத்திருப்பவராகிறார்.

அந்த நகரமும் நம்பிக்கைக்குப் புதியதன்று. 1805இல் டெட்ராய்ட் ஏறத்தாழ முழுவதும் தீக்கிரையானபோது, மேலான நாட்களை எதிர்நோக்குகிறோம், இது சாம்பலிலிருந்து எழும் என்னும் பொருளில் கபிரியேல் ரிஷார் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இலத்தீனில் சொன்னவையே இன்றும் நகரின் முத்திரையில் இடம்பெற்றுள்ளன. 1950இல் பதினெட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே சென்றதையும், 2013இல் நகராட்சியே திவாலானதாக அறிவிக்க நேர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு, அங்கு ஓர் அணியின் வெற்றி ஏன் அணியின் வெற்றியாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பது விளங்கும்.

2022ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் லயன்ஸ் வென்றது ஒன்றே. முந்தைய ஆண்டு மூன்று வெற்றிகளை மட்டுமே கண்டிருந்த பயிற்சியாளர் டான் கேம்பல் பதவியில் நீடிப்பாரா என்று பேசப்பட்ட வேளையில், எஞ்சிய பத்து ஆட்டங்களில் எட்டை அந்த அணி வென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், நம்பிக்கையின் இலக்காக அமைவது நன்மையானதாகவும், எதிர்காலத்தில் இருப்பதாகவும், அடைவதற்கு அரியதாகவும், ஆயினும் அடையக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார். எளிதில் கிட்டுவதை மனிதர் நம்பியிருக்க வேண்டியதில்லை. கிட்டவே முடியாததன்பால் ஏக்கம் கொள்ளலாமே தவிர நம்பிக்கை கொள்ள முடியாது. அக்டோபர் இறுதியில் டெட்ராய்ட் ரசிகரிடம் இருந்தது ஏக்கம். டிசம்பரில் அது அக்வினாஸ் சொன்ன நான்கு இலக்கணமும் பொருந்திய நம்பிக்கையாக மாறியது. மாறியதற்குக் காரணம் ரசிகரின் மனவலிமையன்று, புறத்தே நிகழ்ந்த வெற்றிகளே என்பதும் குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை இளைஞரிடமும் மது அருந்தியவரிடமும் மிகுந்து காணப்படும் என்று அதே அக்வினாஸ் எழுதியிருப்பதும், விளையாட்டரங்கைப் பொறுத்தவரை மறுப்பதற்கில்லை.

இந்த நம்பிக்கையை ஐயத்தோடு நோக்கிய மரபும் வலிமையானது. நம்புவதை நிறுத்தினால் அஞ்சுவதும் நின்றுவிடும் என்ற, தமக்கு முந்தைய ஸ்டோயிக்கான ஹெக்காட்டோவின் கருத்தை ரோமானிய ஸ்டோயிக் அறிஞர் செனக்கா தம் கடிதமொன்றில் எடுத்தாள்கிறார். ஸ்டோயிக்குகள் என்போர், தன் ஆளுகைக்கு உட்பட்டவற்றில் மட்டுமே மனத்தைச் செலுத்த வேண்டும் என்று கற்பித்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பினோசா, முடிவு ஐயத்துக்குரியதாக உள்ள ஒன்றைப் பற்றிய நிலையற்ற மகிழ்ச்சியே நம்பிக்கை என்றும், அச்சம் கலவாத நம்பிக்கை இல்லை என்றும் எழுதினார். கடைசி இரண்டு நிமிடங்களில் நான்கு புள்ளிகள் முன்னிலையில் உள்ள அணியின் ரசிகரைப் பார்த்தவர் எவரும் ஸ்பினோசாவை மறுக்க மாட்டார். தமிழ் வழக்கில் இத்தகையோரை இலவு காத்த கிளி என்று பழிப்பதுண்டு. ஆனால் அந்தக் கிளிக்குப் பழம் என்று ஒன்று வரவே வராது, லயன்ஸ் ரசிகருக்கோ அது வந்தாலும் வரும் என்பதால் அவ்வுவமை இங்கே பாதி வழிதான் துணைவருகிறது.

ஸ்டோயிக்குகளைவிடக் கூர்மையான மறுப்பு பகவத் கீதையிலிருந்து எழுகிறது. செயலாற்றுவதில் மட்டுமே ஒருவருக்கு உரிமை உண்டு, அதன் பயனில் இல்லை என்பது அதன் இரண்டாம் அத்தியாயத்துப் போதனை. ரசிகரின் நிலை இதற்கு நேர்த் தலைகீழானது: செயலில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, பயனை மட்டும் முழு மனத்தோடு வேண்டுகிறார். கர்மயோகிக்கு விலக்கப்பட்ட ஒன்றே ரசிகருக்கு எஞ்சியிருக்கும் முழுச் சொத்து. இந்த மறுப்பை மேலோட்டமாகத் தட்டிக்கழிக்க முயல்வோர், அரங்கில் எழும் ஆரவாரமே ரசிகரின் செயல் என்பர். எதிரணி தன் ஆட்டக்காரருக்குச் சொல்லும் குறிப்பு கேட்காதபடி கூச்சலிடுவது ஓரளவுக்குச் செயல்தான். ஆனால் அது அரங்கத்துள் இருப்போருக்கு மட்டுமே பொருந்தும், வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் பல லட்சம் பேருக்குப் பொருந்தாது. எனவே மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, பயனை வேண்டுதல் என்பதுதான் ரசிகரின் நம்பிக்கை முழுவதுமா என்று கேட்பதே நேர்மை.

அதற்கு விடை தரும் நாள் 2023 ஜனவரி 8. அந்த ஞாயிறன்று லயன்ஸ் பிளே-ஆஃபுக்குச் செல்ல இரண்டு நிகழ வேண்டியிருந்தது: பிற்பகல் ஆட்டத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் தோற்க வேண்டும், இரவு லேம்போ ஃபீல்டில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியை லயன்ஸ் வெல்ல வேண்டும். சியாட்டில் கூடுதல் நேரத்தில் 19-16 என வென்றுவிட்டது. ஆகவே லயன்ஸ் களத்தில் இறங்கும்போதே அவர்களுடைய பருவம் முடிந்திருந்தது. வென்றால் பிளே-ஆஃப் என்ற நிலையில் இருந்தது பேக்கர்ஸ் மட்டுமே. அந்த ஆட்டத்தை லயன்ஸ் 20-16 என வென்றது. முன்பு பேக்கர்ஸில் ஆடிய ஜமால் வில்லியம்ஸ் இரண்டு டச்டவுன்கள் அடித்து, அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து, ஒரே பருவத்தில் ஓடி எடுத்த டச்டவுன்களில் பாரி சாண்டர்ஸ் வைத்திருந்த அணிச் சாதனையைக் கடந்தார். எதற்காக ஆடினார்கள் என்று கேட்டால், பயன் கருதாது ஆடினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி விளையாட்டில் அரிது. அதைப் பார்த்த டெட்ராய்ட் ரசிகரும் அன்றிரவு பயன் எதையும் வேண்டியிருக்க முடியாது, ஏனெனில் வேண்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவர் தொலைக்காட்சியை அணைத்துவிடவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் கபிரியேல் மார்செல், இன்னது நடக்கும் என்று நம்புவதையும், எதையும் குறிப்பிடாது வெறுமனே நம்பியிருத்தலையும் வேறுபடுத்தினார். முன்னது ஒரு குறிப்பிட்ட முடிவோடு கட்டுண்டது, அந்த முடிவு தவறினால் அதுவும் மாண்டுவிடும். பின்னது பிறரோடு சேர்ந்து ஒரு வழியில் நடத்தலை ஒத்தது, அதன் வேர் உறவில் இருக்கிறது. லேம்போ ஃபீல்டின் அந்த இரவில் முன்னது ஆட்டத்துக்கு முன்பே இறந்தது, பின்னது உயிரோடு எஞ்சியது. பருவம் முழுவதும் இரண்டும் கலந்தே கிடந்தமையால் எது எது என்று பிரித்தறிய வழியில்லாதிருந்தது என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

எதிர்பாராமை இந்த உறவுக்குத் தனிச் சுவை சேர்க்கிறது. அருள் என்பதைச் சமயங்கள் பெறுபவரின் தகுதிக்கு விலையாக அளிக்கப்படாத கொடை என்று விளக்குகின்றன. சைவமும் வைணவமும் கிறித்தவமும் இதில் பெரிதும் ஒன்றுபடுகின்றன. ஒன்று தனக்கு வரவேண்டிய கடன் என்று எண்ணாத நிலையில் வந்து சேர்வதால், பெறுபவர் அதை எண்ணிப் பார்க்கிறார், திரும்பத் திரும்பச் சொல்கிறார், அயலாரிடம் பகிர்கிறார். 2024 ஜனவரி 14 அன்று லயன்ஸ் தன் சொந்த அரங்கமான ஃபோர்ட் ஃபீல்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியை 24-23 என வென்று 32 ஆண்டுகளுக்குப் பின் பிளே-ஆஃப் வெற்றி கண்டபோது நிகழ்ந்தது இதுவே. எதிரணியின் குவார்ட்டர்பேக் பன்னிரண்டு பருவங்கள் டெட்ராய்டுக்காக ஆடிய அதே ஸ்டாஃபோர்ட். அவருக்கு ஈடாக 2021இல் ராம்ஸ் அனுப்பிவிட்ட ஜாரெட் காஃப் இங்கே லயன்ஸின் குவார்ட்டர்பேக். தமக்கு வேண்டாம் என்று ஓர் அணி கைவிட்டவரின் பெயரை அரங்கம் முழுவதும் ஒரே குரலில் முழங்கியது. கைவிடப்பட்டவரை அவ்வாறு கொண்டாடுவதில், தாங்களும் கைவிடப்பட்டோம் என்று எண்ணிய ஒரு நகரத்தின் தன்னுணர்வு பேசியது என்று கொள்வது மிகையாகாது.

பார்வையாளரின் பரவசத்தைச் சமயம் அஞ்சியதற்கும் காரணம் உண்டு. புனித அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுஸ், ரோமில் வாட்போர் அரங்குக்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்டு, கண்களை இறுக மூடியிருந்தும் கூட்டத்தின் பேரொலி கேட்டுத் திறந்தவுடன் அக்குருதிவெறியில் தன்னை இழந்ததை எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை பழங்கதையன்று. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளால் ஆட்டக்காரர் சிலருக்கு ஆண்டுகள் கழித்து மூளைச் சிதைவு ஏற்படுவதை மருத்துவம் கண்டறிந்துள்ளது; ரசிகரின் மகிழ்ச்சிக்கு வேறொருவர் உடலால் விலை கொடுக்கிறார் என்பதை எந்த மெய்யியல் வாதமும் மறைத்துவிட முடியாது. ஆனால் மேற்சொன்ன லேம்போ ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்பு, ஜனவரி 2 அன்று, பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் சின்சினாட்டி களத்தில் இதயம் நின்று வீழ்ந்தபோது, ஆட்டக்காரர்கள் சூழ்ந்து மண்டியிட்டனர், இரு அணி ரசிகரும் கூச்சலடங்கி நின்றனர், ஆட்டம் நிறுத்தப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. பிளே-ஆஃப் வரிசையைத் தீர்மானிக்கவிருந்த ஆட்டம் அது என்பதை அவ்வேளையில் எவரும் பொருட்படுத்தவில்லை. அலிப்பியுஸ் இழந்த ஒன்றை அன்று அந்தக் கூட்டம் இழந்திருக்கவில்லை.

2024 ஜனவரி 28 அன்று சான்டா கிளாராவில் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக லயன்ஸ் இடைவேளையில் 24-7 என முன்னிலை பெற்றிருந்தது. சூப்பர் பௌலுக்கு அரை ஆட்டத் தொலைவே மீதி. பின்பாதியில், லயன்ஸ் தடுப்பாட்டக்காரரின் தலைக்கவசத்தில் பட்டு எகிறிய பந்து எதிரணியின் கையில் விழுந்து 51 யார்டு ஆதாயமாயிற்று. மூன்று புள்ளிகள் தரக்கூடிய ஃபீல்ட் கோலை விட்டுத் துணிந்து ஆடிய கேம்பலின் முயற்சிகள் இரண்டு பொய்த்தன. லயன்ஸ் 34-31 எனத் தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. துணிவே அந்த அணியை அங்குவரை கொண்டுவந்தது என்பதால் அதே துணிவைப் பின்னர் குற்றமாக்குவது நியாயமன்று. முடிவு நல்லதானால் வீரம், தீயதானால் மடமை என்று ஒரே செயலுக்கு இரு பெயரிடும் வழக்கத்தை ரசிகர்கள் பலர் அன்று மறுத்துவிட்டனர்.

அடுத்த பருவத்தில் லயன்ஸ் 17 ஆட்டங்களில் 15ஐ வென்றது. அதற்குள் வெற்றி கடனாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு வெற்றியும் வரவேண்டியது வந்ததாகவும், தோல்வி மட்டுமே செய்தியாகவும் தோன்றலாயிற்று. 2025 ஜனவரி 18 அன்று ஃபோர்ட் ஃபீல்டில் வாஷிங்டன் கமாண்டர்ஸ் 45-31 என அவர்களை வென்றது. முந்தைய ஆண்டு நான்கே வெற்றிகள் பெற்று, ஜேடன் டேனியல்ஸ் என்னும் புதுவரவோடு எழுந்த அணி அது. 1991ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் முதன்முறையாக அது சூப்பர் பௌலுக்கு முந்தைய சுற்றான மாநாட்டு இறுதியாட்டத்துக்குச் சென்றது, அப்பருவத்தின் அவ்விறுதியில் அது வென்றதும் லயன்ஸையே. டெட்ராய்ட் ஓராண்டுக்கு முன் அருந்திய அதே எதிர்பாராத மகிழ்ச்சியை இப்போது வாஷிங்டன் அருந்தியது, அதுவும் டெட்ராய்டின் தோல்வியின் வழியாக.

பிறர் நலம் கண்டு மகிழும் முதிதை என்னும் பண்பைப் பௌத்தமும் யோக மரபும் நான்கு உயர் மனநிலைகளுள் ஒன்றாக வைக்கின்றன. விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர், தன்னைச் சார்ந்தவற்றின் மீதான பற்றிலிருந்து பிறக்கும் மகிழ்ச்சியை முதிதையின் அண்மைப் பகை என்கிறார்; அதாவது பார்ப்பதற்கு முதிதை போலவே இருந்து அதன் இடத்தைப் பறிப்பது. ரசிகரின் மகிழ்ச்சி இப்பகையின் எல்லையிலேயே வாழ்கிறது, ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றாக வேண்டும் என்ற ஆட்டத்தில் அதற்கு வேறு இடமுமில்லை. ஆயினும் அறுபது ஆண்டுக்கு மேல் தோற்றறிந்த ஒரு நகரத்தினர், நெடுநாள் தோற்று எழுந்த மற்றொரு நகரத்தினரின் முகத்தில் தோன்றும் வியப்பை வேறு எவரையும்விட நன்கு அடையாளம் காணக்கூடியவர்கள். தோற்ற அன்றிரவே அதைக் கண்டு மகிழுமாறு அவர்களிடம் கேட்பது கொடுமை. சில வாரம் கழித்துக் கேட்கலாம், அப்போது அவர்கள் சொல்லும் விடையிலிருந்தே முந்தைய ஆண்டின் அவர்களுடைய மகிழ்ச்சி எதனால் ஆனது என்று மதிப்பிட முடியும்.