கடல் தாண்டினால் குறையும் உரிமை

கரீபியக் கடலோரம் புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 96ஆம் தெருவுக்கு வடக்கே, ஈஸ்ட் ஹார்லெம் என்னும் குடியிருப்பு. தீவில் ஆண்டு முழுதும் வெயில். ஈஸ்ட் ஹார்லெமில் மாசியிலும் பனி குவிந்து கிடக்கும். இடையே விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனாலும் விழா நாளில் இரண்டு இடத்து அடுப்பிலும் துவரையிட்ட சோறு வேகிறது. இரண்டு இடத்துத் தாய்மாரும் ஸ்பானிய மொழியில்தான் பிள்ளைகளை அதட்டுகிறார்கள்.

1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா இந்தத் தீவைத் தனதாக்கிக்கொண்டது. 1917இல் தீவு மக்களுக்குக் குடியுரிமையும் அளித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், கரும்பு வயலை நம்பிப் பிழைக்க முடியாத பெருந்திரளானோர் வடக்கே சென்று, தையல் கூடங்களில் உழைத்து, ஈஸ்ட் ஹார்லெமைத் தங்கள் ஊராக்கினார்கள். தீவில் இன்று வாழ்வோர் 30 லட்சத்துக்குச் சற்று மேல். அமெரிக்கப் பெருநிலத்தில் வாழும் அவர்களுடைய உறவினரோ அதைவிட அதிகம். எது ஊர், எது அயல் என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்கே எளிதன்று.

சட்டம் மட்டும் தயக்கமின்றிப் பிரிக்கிறது. தீவில் வாழும் குடிமகனுக்கு அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. நாடாளுமன்றத்தின் கீழவையில் அவனுக்காக ஒருவர் அமர்ந்திருக்கிறார். மசோதா நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. அதே மனிதன் ஈஸ்ட் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்து பெயரைப் பதிவு செய்துகொண்டால் முழு வாக்காளன் ஆகிவிடுகிறான். நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவன் தீவுக்குக் குடிபோனால், இருந்த வாக்கை இழக்கிறான். மனிதன் மாறவில்லை; நிற்கும் மண் மாறியது.

இதன் பொருளை முழுமையாக உணர்த்திய வழக்கு ஒன்று உண்டு. நியூயார்க்கில் வாழ்ந்த ஒருவர், உடல் நலிந்து, வறிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மைய அரசு தரும் மாத உதவியைப் பெற்றுவந்தார். 2013இல் அவர் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த உதவித் திட்டம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது. சில ஆண்டுகள் கழித்து இதை அறிந்த அரசு பணத்தை நிறுத்தியது; அவர் குடிபெயர்ந்த பின் கொடுத்த 28,000 டாலருக்கும் மேலான தொகையைத் திருப்பிக் கேட்டு வழக்கும் தொடுத்தது. தீவினர் பெரும்பாலும் மைய அரசுக்கு வருமான வரி செலுத்துவதில்லை, ஆகவே உதவியிலும் வேறுபாடு காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் ஒருபுறம். மறுபுறம் தனித்து நின்றவர் சோனியா சோட்டோமேயர். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த மகள். இந்த உதவியைப் பெறும் அளவுக்கு வறியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வருமான வரி கட்டப் போவதில்லையே என்பது அவர் எழுப்பிய மறுப்பு.

2012இல் தீவின் அரசு இன்னொரு சட்டம் இயற்றியது. வெளியிலிருந்து வந்து குடியேறும் செல்வர்கள், அதன் பிறகு முதலீடுகளில் ஈட்டும் ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்றது அது. நியூயார்க்கிலிருந்து ஒரே கடலைத் தாண்டிய இருவரில், நோயாளி தன் மாத உதவியை இழந்தார்; செல்வர் வரிச் சுமையை இறக்கி வைத்தார். மண்ணோடு உரிமையைப் பிணைக்கும் விதி எல்லோருக்கும் பொதுவானதுபோல் தோன்றினாலும், அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்று பார்க்கும்போதுதான் அதன் உண்மை முகம் நமக்குத் தெரிகிறது.

அப்படியானால் வாக்கு கிடைத்த ஈஸ்ட் ஹார்லெமில் குறையொன்றும் இல்லையா? 1969 கோடையில், குப்பை அள்ளப்படாமல் தெருக்கள் நாறியபோது, யங் லார்ட்ஸ் என்னும் இளைஞர் இயக்கத்தினர் அதைக் கூட்டிச் சாலை நடுவே குவித்துத் தீயிட்ட பிறகே நகராட்சி திரும்பிப் பார்த்தது. தீவையோ 2017 செப்டம்பரில் மரியா புயல் சிதைத்தது. இறந்தவர் 64 பேர் என்று பல மாதங்கள் சொல்லிவந்த தீவின் அரசு, ஆய்வுக்குப் பின் 2,975 என்னும் மதிப்பீட்டை ஏற்றது. புயல் வீசிய அதே 2017இன் நவம்பரில், ஈஸ்ட் ஹார்லெமில் உயர்ந்த கட்டடங்கள் எழ வழிவிடும் விதிமாற்றத்தை நியூயார்க் நகரமன்றம் நிறைவேற்றியது. வாடகை ஏறி வெளியேற நேருமோ என்ற அச்சம் அங்கே பல வீடுகளில் குடிபுகுந்தது. தீவில் வேர் உண்டு, குரல் இல்லை. நகரத்தில் குரல் உண்டு, அது எழும் வீடு நிலையில்லை.

இரண்டில் எது மேல் என்ற கேள்வி இங்கே பொருளற்றுப் போகிறது. மனித வாழ்வு முழுமை பெற, காலூன்ற ஓர் இடமும், அந்த இடத்தின் விதியைத் தீர்மானிக்கும் அவையில் ஒரு பங்கும் சேர்ந்தே வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விலையாகக் கேட்கும் எந்த ஏற்பாடும், எவ்வளவு பழைய சட்டத்தின் துணையோடு நின்றாலும், குடிமக்களைப் பாதி மனிதர்களாகவே வைத்திருக்கிறது. நாமும் நாட்டெல்லை, நகரெல்லை, தெருவெல்லை என்று நிர்வாக வசதிக்காகக் கோடுகள் வரைகிறோம். வரைந்த கை நம்முடையது என்பதை மறந்து, காலப்போக்கில் அவற்றை இயற்கை வகுத்த வேறுபாடுகளாகவே எண்ணி, கோட்டுக்கு அப்பால் நிற்பவனின் குறையை அவனுடைய தலைவிதி என்று சொல்லப் பழகிவிடுகிறோம். மனிதனோடு கூடவே பயணம் செய்யாமல் முகவரியோடு தங்கிவிடும் எதுவும் உரிமை ஆகாது, அது கொடுப்பவர் விரும்பும்வரை நீடிக்கும் சலுகை மட்டுமே. ஆகவே ஒரு சமூகம் சமத்துவத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அறிய, அதன் அரசியல் சாசனம் என்ன அறிவிக்கிறது என்று பார்ப்பதைவிட, அதன் மிக எளிய மனிதன் ஒரு கோட்டைத் தாண்டும்போது எதை இழக்கிறான் என்று கேட்பதே நேரிய அளவாகும்.