வேடமும் எண்ணமும்

அமெரிக்காவில் வாழும் என் மகள் சென்ற ஆண்டு புரட்டாசி இறுதியில் தொலைபேசியில் ஒரு வினாவை எழுப்பினாள். அந்நாட்டில் ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் என்னும் விழா நிகழ்கிறது. சிறுவர்கள் பேயாகவும் எலும்புக்கூடாகவும் அரசனாகவும் வேடமிட்டு, மாலையில் வீடுதோறும் சென்று இனிப்புப் பெற்று வருவார்கள். ஐந்து வயதுப் பேரன் கடற்கொள்ளையன் வேடமும், இரத்தக் கறை தீட்டிய அட்டை வாளும் கேட்கிறானாம். "விளையாட்டுத்தானே, அம்மா? செய்து கொடுக்கலாமா? நம் அறத்துக்கு அது ஒவ்வுமா?" என்றாள். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை.

வந்தவாசிப் பக்கம் பிறந்த நான், ஆசிரியப் பயிற்சி முடித்து, கணவரின் பணி காரணமாகத் தூத்துக்குடியில் குடியேறி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பாடம் சொன்னவள். வேடம் என்றவுடன் அக்கடற்கரையில் கண்ட இரு காட்சிகள் என் நினைவில் எழுந்தன.

திருச்செந்தூரை அடுத்த கடலோர ஊர் குலசேகரன்பட்டினம். அங்குள்ள முத்தாரம்மன் கோயிலின் தசரா விழா, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிடாசுர வதத்துடன் உச்சம் பெறுகிறது. நேர்த்திக்கடன் பூண்டோர் மாலை அணிந்து, விரதம் காத்து, காளி, குரங்கு, கரடி, காவலர், இரவலர் எனப் பல வேடம் புனைந்து, ஊர் ஊராகக் காணிக்கை பெற்று, அதனைக் கோயில் உண்டியலில் சேர்க்கின்றனர். இடுப்புக் குழந்தைக்கும் வேடம் உண்டு. அவ்வழிபாடு நம்முடையது அன்று. எனினும் ஒரு காட்சியை என்னால் மறக்க இயலவில்லை. எங்கள் தெருவின் பெருவணிகர் ஒருவர் கிழிந்த ஆடையும் கையில் தட்டுமாக என் வாயிலில் நின்றார். நான் இட்ட ஒற்றை நாணயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறர் கை தாழ்ந்து நிற்பதையே கண்டு பழகியவர், அன்று தம் கையைத் தாழ்த்தினார்.

மற்றொரு காட்சி என் வகுப்பறையில் நிகழ்ந்தது. பிழையும் என்னுடையதே. பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டிக்கு ஒரு சிறுவனுக்குப் பிச்சைக்காரன் வேடம் நானே புனைந்தேன். முகத்தில் கரி பூசினேன். நல்ல சட்டையொன்றை வேண்டுமென்றே கிழித்தேன். அவை கைகொட்டிச் சிரித்தது. முதற்பரிசும் கிடைத்தது. பின்வரிசையில் என் மாணவன் ஒருவன் சிரிக்காமல் அமர்ந்திருந்தான். அவன் அன்றாடம் அணிந்து வரும் சட்டையும் அதே இடத்தில்தான் கிழிந்திருந்தது. மறுநாள் அக்கிழிசலை ஊக்கினால் மறைத்துக்கொண்டு வந்தான்.

இரண்டும் ஒரே வேடம்தான். முன்னதில் அணிந்தவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டார். பின்னதில் பிறர் துன்பத்தை நான் வேடிக்கைப் பொருளாக்கினேன். துணியில் வேற்றுமை இல்லை, எண்ணத்தில்தான் வேற்றுமை.

"பொய்யான வேடத்தில் மெய்யான வினை ஏது?" என்று கேட்போருக்கு, நம் முன்னோர் யசோதர காவியத்தில் விடை வைத்துள்ளனர். உயிர்ப்பலி இடேன் என மறுத்த யசோதர மன்னனிடம், மாவினால் செய்த கோழியையாவது பலியிடு என்று தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். அவனும் இசைந்து அதனை வாளால் வெட்டினான். வெட்டுண்டது மாவுதான். எனினும் கொல்லும் எண்ணம் மெய்யாக இருந்தமையால், தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர் என்கிறது அக்கதை.

வாள் கேட்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்பதை நான் அறிவேன். அவனை யசோதரனோடு ஒப்பிடுதல் முறையன்று. ஆனால் வேடத்தை அவன் தைப்பதில்லை, நாம் தைக்கிறோம். மாக்கோழியை நினைத்தவள் தாயே என்பதை அன்னையரும் பாட்டிமாரும் மறத்தல் ஆகாது. இரத்தக் கறை அழகென்று நாம் தீட்டிக் கொடுத்தால், குழந்தை அதனை அழகென்றே கற்கும்.

ஆகவே மகளிடம், "விழாவை விலக்காதே, வாளை மட்டும் விலக்கு. மன்னார் வளைகுடாவின் கடலாமை வேடம் புனைந்து கொடு" என்றேன். முதுகோட்டுக்கு அட்டைப்பெட்டியும், உடலுக்கு என் பழைய பச்சை நூற்சேலையும் போதுமானவை. பட்டு வேண்டாம், அது புழுவைக் கூட்டோடு வெந்நீரில் இட்டு எடுக்கும் நூல். அவன் பெற்று வரும் இனிப்புகளில் ஜெலட்டின் கலந்தவற்றைப் பிரித்து எடுத்துவிடுமாறும் கூறினேன். விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் பொருள் அது.

முதலில் பேரன் அழுதானாம். ஓடு முதுகில் ஏறியதும் அழுகை நின்றதாம். அன்று மாலை முழுதும் மெல்ல நடந்தவன், இரவில் தொலைபேசியில் என்னிடம், "பாட்டி, ஆமையை யாராவது மிதித்தால் அதற்கு வலிக்குமா?" என்று கேட்டான். வலிக்கும் என்றேன்.

இன்று நம் குடும்பக் குழந்தைகள் பலரும் பள்ளி மாறுவேடப் போட்டிகளில் பங்கு பெறுகின்றனர். வேடம் கட்டுமுன் பெற்றோர் தம்மையே இரு வினாக்கள் கேட்டுக்கொள்வாராக. இவ்வேடத்திற்காக எவ்வுயிரேனும் துன்புற்றதா? இவ்வேடத்தைக் கண்டு எவரேனும் தலைகுனிவரா? இரண்டிற்கும் இல்லை என்பதே விடையானால், குழந்தையோடு நாமும் மகிழ்ந்து விழாக் கொண்டாடலாம். அந்த ஊக்கு குத்திய சட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.