முறத்தில் ஒதுங்கும் மணிகள்

ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பி, நிறம் மாறித் தெரியும் மணிகளை அம்மா பொறுக்கி எறிவாள். "பிளாஸ்டிக் அரிசிடி." பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த மணி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள் என்று விளக்கினேன். "என்னைய யாரு கேட்டா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25. ஒரே உலைச் சோறுதான். மாதவிடாய், பிள்ளைப்பேறு, எல்லோரும் தின்றபின் சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்று தரம் வகுத்தவர்கள் அந்தச் சட்டியை எட்டிப் பார்க்கவில்லை.

தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் உண்ணக்கூடாது என்று மூட்டையில் அச்சிடச் சொன்னது 2018 விதி. மூட்டையை யார் பார்த்தார்கள்? ரேஷன் கடையில் நம் பைக்குள் விழுவது அரிசி மட்டும்தானே! நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் சோகை உண்டு. ஆபத்துக்குச் சான்றில்லை என்று 2024இல் அந்த வாசகத்தையும் நீக்கினார்கள். அறிவியல்படி அது சரியாகவே இருக்கட்டும். கடையில் பொன்னி வாங்குகிறவள் இதை வேண்டாம் என்று சொல்லலாம். ரேஷன் அட்டையை நம்பி உலை வைப்பவளுக்கு முறம் மட்டுமே இருக்கிறது. அவள் பொறுக்கி எறிவதை அறியாமை என்று குறித்துக்கொள்கிறோம். மறுப்பு என்று குறிக்க நம் படிவங்களில் இடமில்லை.