சிவிகை சுமந்த தோள்கள்



திருஞானசம்பந்தப் பெருமான் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளுவதை அறிந்த அப்பர் அடிகள், கூட்டத்தோடு கூட்டமாக மறைந்து சென்று, அவரது முத்துச் சிவிகைக்குத் தோள் கொடுத்தார். ஊரை நெருங்கியதும், அப்பர் எங்கே எனச் சம்பந்தர் வினவினார். சிவிகையைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே வருகிறேன் என்று கீழிருந்து விடை வந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறும் வரலாறு இது.

எமது ஆலயத்தில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையின்போது இவ்வரலாறு எம் நினைவுக்கு வந்தது. மறதி நோயுற்ற தாயொருவர், தம் கையைப் பிடித்திருந்தவரிடம், "என்ரை மகள் எங்கை? நான் அளவெட்டிக்குப் போகவேணும்" என்றார். கையைப் பிடித்திருந்தவரே அந்த மகள்! முன்பெல்லாம் "நான்தானே அம்மா" என்று வாதாடி அழுவாராம். அன்று, "வீட்டு முற்றத்திலை என்ன மரம் அம்மா நிக்குது?" என்று கேட்டார். தாயின் முகம் மலர்ந்தது.

இந்நோய் பைத்தியமும் அன்று, பிடிவாதமும் அன்று. மூளையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் அண்மைய நினைவுகளே முதலில் நழுவும். இங்கு வந்து கற்ற மொழி மறைந்து, தாய்மொழி மாத்திரம் எஞ்சுவதும் உண்டு. பிள்ளைகளின் பெயரை மறந்தவர்களும் சிறுவயதில் பாடிய தேவாரத்தில் சேர்ந்துகொள்வதைக் காண்கிறோம். ஆகவே, "நான் ஆர், சொல்லுங்கோ" என்று அவர்களைச் சோதிக்க வேண்டாம். தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு போன்ற, மருந்தால் சீராக்கக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம். "வயது போனால் அப்பிடித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சம்பந்தர் அப்பரை அறிந்ததும் விரைந்து கீழே இறங்கினார். இந்த மகளை அவரது தாய் இனி அறியாமலே போகலாம். ஆயினும் அவர் செய்வது தொண்டே. அதை இறைவன் அறிவான்.

சிவிகையை ஒருவர் தனியே சுமப்பதில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். "உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்று கூறி நகர்ந்துவிடுகிறோம். அதைவிட, "சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் நான் அம்மாவோடை இருக்கிறன், நீங்கள் கொஞ்சம் படுத்தெழும்புங்கோ" என்பதே தோள் கொடுப்பது.

சனம் என்ன சொல்லும் என்று அஞ்சி அவர்களை வீட்டில் மறைக்காதீர்கள். ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள். தீபாராதனை வேளையில் அவர்கள் சத்தமாகப் பேசினால் பேசட்டும். நாம் முகம் சுளிக்காதிருப்போம். அதுவும் வழிபாடுதான்.

திருச்சிற்றம்பலம்.