பத்து வந்து, ஒன்பதுக்கு பில் வந்தால்?



காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் பொருளாதாரம் படிக்கிறார்கள். நல்ல கல்விதான், ஆனால் ஓர் எச்சரிக்கை.

1993இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஃபிராங்கும் இரு சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து கம்ப்யூட்டர் வந்து, பில்லில் ஒன்பது மட்டும் இருந்தால் சொல்வீர்களா என்று மாணவர்களிடம் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டார்கள். தன்னலத்தை அழுத்திச் சொன்ன பொருளாதார வகுப்பில் நேர்மை குறைந்த பக்கம் சாய்ந்தவர்கள், வானியல் வகுப்பைவிட அதிகம்.

மனிதன் லாபம் பார்ப்பான் என்று கேட்டுக் கேட்டு, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனம் பழகிவிடுகிறது. பெரிய மார்க்கெட்டில் "ஊரே அப்படித்தான் பாய்" என்று நாம் சொல்வதும் அதே பாடம்தான்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்).

மழைக்கு வியாபாரி பொறுப்பில்லை. மறைத்ததற்குப் பொறுப்பு உண்டு. யாருக்குத் தெரியும் என்று நஃப்ஸு கேட்கும்போது, அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று ஈமான் பதில் சொல்ல வேண்டும்.

இன்று வீட்டில் பிள்ளைகளிடம் அந்த பில் கேள்வியைக் கேளுங்கள். அதற்கு முன் நம் கடைக் கணக்கில் நாம் பதில் சொல்வோம். வல்ல ரஹ்மான் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.