நன்றி போதுமா?

களைத்துச் சோர்ந்தவன் கைக்கு எதிர்பாராமல் வந்து சேரும் ஒரு சிறு இன்பத்துக்கு விலை உண்டோ? இல்லை என்போம். அந்த இன்பத்தைத் தந்தவருக்கு நாம் பட்ட கடன், ‘நன்றி’ என்னும் ஒரு சொல்லோடு தீர்ந்துவிடுமோ? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அரையாண்டுத் தேர்வுக் காலம். பகலில் தேர்வறைக் கண்காணிப்பு. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு. அவர்கள் வீடு திரும்பிய பின்னர் விடைத்தாள் கட்டு. மூன்று வாரங்கள் இப்படி! கண் எரிந்தது, விரல் மடங்க மறுத்தது. “இந்த மிகை உழைப்பை எவர் கணக்கில் வைக்கிறார்?” என்று உள்ளம் குமுறியது.

கடைசி நாள் இரவு, மணி எட்டு. மதிப்பெண் பட்டியலின் இறுதி வரியைக் கூட்டி முடித்துத் தலை நிமிர்ந்தோம். மேசை ஓரத்தில், ஆவி பறக்க, ஒரு தம்ளர் சுக்குக் காப்பி! கடையில் வாங்கியதன்று. சுக்கும் கருப்பட்டியும் தம் வீட்டிலிருந்து கொணர்ந்து, சத்துணவுக் கூடத்து அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்திருந்தார், பள்ளியைப் பெருக்கித் தூய்மை செய்யும் அம்மையார்.

“ஆறிடப் போகுது சார், குடிங்க. இன்னிக்கோட முடிஞ்சுதுல்ல?” என்றார்.

குடித்தோம். மூன்று வாரக் களைப்பு அந்த ஒரு தம்ளரில் கரைந்தது. ‘ஆண்டவன் கருணை’ என்பார் பக்தர். ‘முன்வினைப் பயன்’ என்பார் விதியை நம்புவோர். ஆனால், அந்தத் தம்ளர் வானிலிருந்து இறங்கி வரவில்லை. சுக்கைத் தட்டியது ஒரு மனிதக் கை. அதுவும் விடியற்காலை முதல் துடைப்பம் பிடித்த கை. மனிதர் செய்த நன்மையை மனிதர் பெயரிலேயே வரவு வைப்பதன்றோ பகுத்தறிவு?

“இவ்வளவு நேரம் நீங்கள் ஏன் காத்திருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“நீங்க போனாத்தானே சார் நான் பூட்ட முடியும்?”

சுருக்கென்று தைத்தது! நாம் தங்கிய ஒவ்வொரு மணி நேரமும் அவரும் தங்கியிருக்கிறார். நம் உழைப்பு கணக்கில் ஏறவில்லை என்று குமுறினோமே, அவர் உழைப்பை நம் கணக்கில் ஏற்றினோமா? மூன்று வாரங்களாக வாயிற்படியில் அமர்ந்திருந்த ஒருவரை நம் கண்கள் கண்டன, கருத்து காணவில்லை.

துடைப்பம் பிடித்த கை தந்த நீரை, படித்தவன் பருக மறுத்த நாடு இது. நாம் பருகினோம். அதைப் பெருமையாகச் சொல்ல நா கூசுகிறது. தம்ளரைத் தொட்டுவிட்டதால் மட்டும் தீண்டாமை ஒழிந்துவிடாது. ஒருவருடைய நேரத்தை நேரமாகவே எண்ணாதிருப்பதும் தீண்டாமையின் மிச்சமே!

1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார் சிங்காரவேலர். உழைப்பவனின் நேரம் அவனுக்கே உரியது என்பது அந்நாளின் முழக்கம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டியது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என விதித்தது. ஆனால், பள்ளிக்கூடம் தொழிற்சாலை அன்றே! வாயிற்படியில் காத்திருப்பதை வேலை என்று எழுதிக்கொள்ள அங்கே ஏடு ஏது?

நண்பர் ஒருவர் வழி சொன்னார்: “பொங்கலுக்கு அந்த அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.” நல்ல உள்ளம்தான்; மறுக்கவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அம்மையார் தந்த காப்பி அன்பு. ஏனெனில், அவர் நமக்கு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. நாம் தரும் சேலையோ கொடுக்க வேண்டிய கூலியின் இடத்தில் வந்து அமருமானால், அது அன்பன்று. கடனை மறைக்கும் திரை! கொடுப்பவனை வள்ளலாக்கி, உரிமையுடையவரைக் கையேந்த வைக்கும் சூழ்ச்சி!

வள்ளுவர் நூலில் ‘செய்ந்நன்றி அறிதல்’ 11ஆம் அதிகாரம். அதை அடுத்து நிற்பது எது? ‘நடுவு நிலைமை’! நன்றி உணர்ந்த நெஞ்சம் அங்கேயே தங்கிவிடலாகாது. நீதியை நோக்கி அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும் என்றே அந்த வரிசை நமக்குச் சொல்கிறது.

ஆகவே, தலைமையாசிரியரிடம் சென்றோம். பள்ளியைப் பூட்டும் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாமே முறைவைத்து ஏற்பது என முடிவாயிற்று. இப்போது மாலை ஐந்து மணிக்கு அம்மையார் வீடு திரும்புகிறார். கடந்த மூன்று வாரக் கூலிக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பம் மட்டும் இன்னும் மேசையில் உறங்குகிறது. அதை உறங்க விடமாட்டோம்.

கூலி அவர் கைக்கு வரட்டும். அதன் பிறகு பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்போம். அப்போதுதான் அது பரிசாக இருக்கும்.